அந்தமானுக்கு ஓர் ஒத்திகை

ஞானசேகரன் ஒரு பயணத்துக்குத் திட்டம் போட ஆரம்பித்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு மூச்சு முட்டும். மங்கலம்பேட்டையில் ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டியிருந்தது. பேருந்து பழுதாகலாம், ரயில்வே கேட் மூடியிருக்கலாம், நடுவில் ஏதாவது ஊர்வலம் வரலாம் என்று ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் ஒதுக்கி, விடிவதற்குள் மனைவியைக் கிளப்பிக்கொண்டு போனார். அன்றைக்குப் பார்த்து எதுவுமே குறுக்கே வரவில்லை. இவர்கள் போய் இறங்கியபோது காது குத்த வேண்டிய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பந்தல்காரர் அப்போதுதான் மூங்கிலை இறக்கிக்கொண்டிருந்தார். ஞானசேகரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தல் போட ஒரு கை கொடுத்தார். நேரம் தவறாமல் வந்துவிட்டோம் என்பதில் அவருக்குத் திருப்திதான்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். தினமும் காலையில் திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர் ஏறிப் போய் மாலையில் திரும்புவார். மனைவி மலர்க்கொடி அண்ணாகிராமத்துப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் மருந்து கொடுப்பவர். சீட்டைப் பார்த்ததும் மாத்திரையை எடுத்து, எந்த வேளைக்கு எது என்று ஒரே மூச்சில் சொல்லி அனுப்பிவிடுவார். பேச்சு அதிகம் கிடையாது. ஒரே மகள் கயல்விழி படிப்பை முடித்துவிட்டு பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

2010ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் கயல்விழி போன் செய்தாள். வருகிற தை மாதம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிகிறது. இத்தனை வருஷத்தில் அழைப்புப் பத்திரிகை வராமல் இரண்டு பேரும் ஓர் ஊருக்கும் போனதில்லை. அதனால் அந்தமானுக்கு விமான டிக்கெட் தான் எடுத்துத் தருவதாகச் சொன்னாள். ஞானசேகரன் யோசிக்கலாம் என்று வாயெடுப்பதற்குள் மலர்க்கொடி சரி என்று சொல்லிவிட்டார். அவர் அத்தனை சீக்கிரம் எதற்கும் சரி சொன்னதை ஞானசேகரன் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை வாங்கி, டிக்கெட்டை நீ எடு, மற்ற ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு என்றார்.

மறுநாளே பயணத்துக்கென்று ஒரு ஃபைல் போட்டார். ஒரு மாதத்தில் அது தலையணை அளவுக்குப் பெருத்துவிட்டது. கப்பல் எத்தனை மணிக்கு, அலை எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும், எந்தக் கடற்கரையில் எந்தப் பக்கம் சூரியன் மறையும், எல்லாம் அதில் இருந்தது. கல்லூரி நூலகத்தில் இருந்த பழைய வரைபடத்தைப் பார்த்துத் தீவுகளைத் தன் கையாலேயே வரைந்து பச்சை வண்ணம் அடித்திருந்தார். எடுத்துப் போக வேண்டிய சாமான்களின் பட்டியல் அறுபத்தொன்றில் வந்து நின்றது. அதில் குடை மூன்று என்று இருந்தது. இரண்டு பேருக்கு எதற்கு மூன்று குடை என்று மலர்க்கொடி கேட்டதற்கு, ஒன்று தொலைந்துபோகும் என்றார்.

ரயிலில் அவரோடு போகிற தில்லைநாதனும் கொளஞ்சியப்பனும் இதையெல்லாம் தினமும் கேட்க வேண்டியிருந்தது. தில்லைநாதன் வங்கியில் இருப்பவர், கொளஞ்சியப்பன் விளையாட்டு வாத்தியார். ஆலப்பாக்கம் வருவதற்குள் ஞானசேகரன் போர்ட் பிளேரில் இறங்கிவிடுவார். பரங்கிப்பேட்டையில் ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல் ஏறுவார். சிதம்பரம் வந்ததும், சார், தீவு வந்துடுச்சு, இறங்குங்க என்பார் கொளஞ்சியப்பன். புரட்டாசிக்குள் அந்தப் பெட்டியில் வருகிற பூக்கார அம்மாவுக்குக்கூட ஹேவ்லாக்கில் எத்தனை கடற்கரை என்று தெரிந்துபோனது.

எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தபோது ஞானசேகரனுக்கு ஒரு கவலை பிடித்தது. ஹேவ்லாக்குக்குக் கப்பலில் இரண்டரை மணி நேரம். மலர்க்கொடிக்கு அது ஒத்துக்கொள்ளுமா? கயல்விழி வயிற்றில் இருந்தபோது விருத்தாசலம் போன பேருந்தில் மலர்க்கொடி வாந்தி எடுத்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. இருந்தாலும் நடந்தது நடந்ததுதானே. நடுக்கடலில் போய்த் தெரிந்துகொள்வதைவிட முன்னாலேயே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். பக்கத்திலேயே பிச்சாவரம் இருந்தது.

மலர்க்கொடி மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துணி துவைப்பதைவிடப் படகில் போவது மேல் என்று நினைத்திருக்கலாம். அவருடைய தம்பி அன்பரசு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தான். ஒத்தாசைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று மாமா கூப்பிட்டதும், எதற்கு ஏன் என்று கேட்காமல் கிளம்பி வந்துவிட்டான். மாமா ஏற்பாடு செய்கிற காரியங்களை அவன் கூடுமானவரை தவறவிடுவதில்லை.

மூன்று பேரும் சிதம்பரத்தில் இறங்கி ஓர் ஓட்டலில் பொங்கல் சாப்பிட்டுவிட்டு, டவுன் பஸ் பிடித்துப் பிச்சாவரம் போனார்கள். ஞானசேகரன் கையில் ஒரு பை. அதில் எலுமிச்சம்பழம், துண்டு, தண்ணீர் பாட்டில், நாலைந்து பிளாஸ்டிக் பைகள், ஓர் அட்டையில் செருகிய வெள்ளைத் தாள். எத்தனை மணிக்குத் தலை சுற்றல் ஆரம்பிக்கிறது, எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று குறிப்பதற்கு அந்தத் தாள். மோட்டார் படகுக்காரர் பழனிவேலிடம், கழிமுகம் வரைக்கும் போய் அலையில் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னார். எதற்கு என்று அவர் கேட்டார். வீட்டுக்காரம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் ஞானசேகரன். பழனிவேல் மலர்க்கொடியை ஒரு தடவை பார்த்துவிட்டு மோட்டாரைக் கிளப்பினார்.

சுரபுன்னை மரங்களுக்கு நடுவே தண்ணீர் அசையாமல் கிடந்தது. மலர்க்கொடி படகின் முன்பக்கம் உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிட்டுக்கொண்டே கொக்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஞானசேகரன் அவருக்கு எதிரே, படகு போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேள்வி, உடனே குனிந்து தாளில் எழுத்து.

"மலரு, தல சுத்துதா?"

"இல்லீங்க."

"வயித்தப் பொரட்டுதா?"

"பசிக்குது."

அதையும் எழுதிக்கொண்டார்.

மரங்கள் முடிந்து வெட்டவெளி வந்தது. மணல் திட்டைத் தாண்டிக் கடல் தெரிந்தது. காயல் தண்ணீரும் கடல் தண்ணீரும் மோதுகிற இடத்தில் படகு ஏறி ஏறி இறங்கியது. பழனிவேல் வேகத்தைக் குறைத்து அங்கேயே நிறுத்தினார். மலர்க்கொடி ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைக்காமல் கடலைப் பார்த்தார். சின்னப் பெண்போல முகம் மலர்ந்திருந்தது. அடுத்த கேள்விக்கான நேரம் வந்து தாண்டிப் போயிற்று. கேள்வி வரவில்லை. திரும்பிப் பார்த்தால், ஞானசேகரன் தாளையே வெறித்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. உதடு வெளுத்திருந்தது.

மலர்க்கொடி எழுந்து வருவதற்குள் அவர் படகுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார்.

பழனிவேல் மரியாதையாகக் காத்திருந்துவிட்டுக் கேட்டார்: "டெஸ்ட்டு அம்மாவுக்கா, சாருக்கா?"

அன்பரசு கீழே விழுந்திருந்த தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டான். "மாமா, மணி பத்து நாப்பத்திரெண்டு. எழுதிக்கட்டுமா?"

மலர்க்கொடி சிரிக்கவில்லை. துண்டை நனைத்து அவர் முகத்தைத் துடைத்தார். எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கருகே பிடித்தார். கரைக்கு வரும் வரைக்கும் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டார். மனைவி சிரித்திருந்தால் ஞானசேகரனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சிரிக்காததுதான் அவரை என்னவோ செய்தது.

ஊர் திரும்புகிற பேருந்தில், காலையில் சாப்பிட்ட பொங்கலில் நெய் ஜாஸ்தி என்றார். அதே பொங்கலைத்தான் மூன்று பேரும் சாப்பிட்டிருந்தார்கள். அதை யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஃபைலின் போக்கு மாறியது. அந்தமானில் முதலை இருப்பதாக ஒரு நாள் கண்டுபிடித்தார். இன்னொரு நாள் மணல் ஈ. அது கடித்தால் பத்து நாள் அரிக்குமாம். பிறகு அங்கே செல்போன் சரியாக எடுக்காது என்றார். பூகம்பம் வருகிற இடம் என்றும், சுனாமிக்கு அங்கே பட்டது கொஞ்ச நஞ்சமில்லை என்றும் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். சுனாமி கடலூருக்கும்தான் வந்தது, நாம் இன்னும் இங்கேதானே குடியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு மலர்க்கொடி அவருக்கு ரசம் ஊற்றினார்.

ரயிலிலும் அவர் தீவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் பிச்சாவரத்துச் செய்தி அன்பரசு வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ரயில் பரங்கிப்பேட்டை ஆற்றுப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் தில்லைநாதன், கீழே தண்ணி வருது சார், கண்ண மூடிக்குங்க என்று அக்கறையாகச் சொல்லுவார்.

கார்த்திகையில் ஒரு மாலை இருவரும் சில்வர் பீச்சுக்கு நடக்கப் போனார்கள். அங்கே நின்று கடலைப் பார்த்தபடி ஞானசேகரன் ஒரு விஷயத்தை விளக்கினார். கடலூரும் போர்ட் பிளேரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இங்கிருந்து கிழக்கே நேராக ஒரு கோடு போட்டால் அங்கேதான் போய் முட்டும்.

"அதே வங்காள விரிகுடாதான் மலரு. அதே தண்ணிதான். நடுவுல வேற ஒண்ணும் கெடையாது. இங்க நின்னு பாத்தாலும் ஒண்ணுதான்."

மலர்க்கொடி கொஞ்ச நேரம் கிழக்கே பார்த்தார்.

"அப்ப நீங்க இங்கேருந்தே பாத்துக்குங்க. உங்க டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு முத்தம்மாளுக்கு ஒண்ணு எடுக்கச் சொல்றேன். நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துர்றோம். ஃபைல மட்டும் குடுங்க."

குரலில் கோபம் இல்லை. மாத்திரை சீட்டைப் படித்துச் சொல்கிற குரல்தான். ஞானசேகரன் வீடு வரும் வரைக்கும் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

முத்தம்மாள் மலர்க்கொடியோடு வேலை பார்க்கிற நர்ஸ். உரத்த குரல், எதற்கும் கூச்சப்படாத ஆள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபைலில் இருப்பதைத் தெரிந்துகொண்டு போவதற்காக வீட்டுக்கு வந்தார். தனக்குப் பதிலாகப் போகிறவர் ஒன்றும் புரியாமல் போய் நிற்கக் கூடாது என்று ஞானசேகரன் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். விளக்க விளக்க அவருக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. கப்பல் துறையில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எந்த இருக்கையில் வெயில் படாது, எல்லாம் சொன்னார். இரண்டு மணி நேரம் கழிந்தது. நடுவில் மலர்க்கொடி காபி கொண்டுவந்ததால் பேச்சு நின்றது. முத்தம்மாள் சும்மா இருக்காமல் தானே இரண்டு பக்கம் தள்ளி, ஏழாம் நம்பர் கடற்கரை என்று போட்டிருந்த பக்கத்தை வாய்விட்டுப் படித்தார்.

"மாலை அஞ்சு மணி, கடற்கரை சேருதல். அஞ்சு அஞ்சு, செருப்பைப் பையில் வைத்தல். அஞ்சு பத்து முதல் அஞ்சு நாப்பது வரை, கை கோத்து நடத்தல். அடைப்புக்குறிக்குள்ள, தெரிஞ்சவங்க யாரும் இல்லன்னு உறுதி செஞ்ச பிறகு." நிமிர்ந்து பார்த்தார். "சார், இது நானும் மலரக்காவுமா?"

ஞானசேகரன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஃபைலை இழுத்துக்கொண்டார். காது இரண்டும் சிவந்துவிட்டது. அதில் இன்னும் சில திருத்தங்கள் பாக்கியிருப்பதாக ஏதோ சொன்னார். முத்தம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. காபியைக் குடித்துவிட்டு எழுந்தவர், தனக்கு அந்த வாரம் எப்படியும் லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். லீவு கிடைக்காது என்பது அவருக்கு முன்னாலேயே தெரியுமா, மலர்க்கொடிக்கும் தெரியுமா என்பதை ஞானசேகரன் பிற்பாடு பல தடவை யோசித்தார். கேட்கத் துணிச்சல் வரவில்லை.

முத்தம்மாள் போனதும் மலர்க்கொடி டம்ளர்களை எடுக்காமல் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"நானே வர்றேன்," என்றார் ஞானசேகரன், ஃபைலைப் பார்த்துக்கொண்டு.

"வாங்க."

"கப்பல்ல நூறு பேரு இருப்பாங்க மலரு. அத்தன பேருக்கு முன்னால நீ என் தலயப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கணும். அத நெனச்சாதான்..."

வாந்தியைவிட அதுதான் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது. வீட்டில், அலுவலகத்தில், எங்கேயும் மற்றவர்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தே பழகியவர். தனக்கு இன்னொருவர் செய்கிற நிலைமை வந்தால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியாது.

"விருத்தாசலம் பஸ்ஸுல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?" என்று மலர்க்கொடி கேட்டார்.

"நீ வாந்தி எடுத்த."

"மொதல்ல எடுத்தது நீங்க. ஜன்னலோரம் ஒக்காந்திருந்தீங்க. உங்களப் பாத்துதான் எனக்கு வந்துச்சு. மாசமா இருக்கற பொண்ணுன்னு எல்லாரும் எனக்குத்தான் எலுமிச்சம்பழம் குடுத்தாங்க. நீங்க பாவம், ஒண்ணும் பேசாம ஒக்காந்திருந்தீங்க."

ஞானசேகரன் நினைவைத் துழாவினார். ஜன்னல் கம்பி நினைவுக்கு வந்தது. நெற்றியில் பட்ட அதன் சூடும் வந்தது.

"இருவத்தி மூணு வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல," என்றார் மலர்க்கொடி. பிறகு, கப்பல் ஏறுவதற்கு அரை மணி முன்னால் போடுகிற மாத்திரை ஒன்று இருக்கிறது, போட்டுக்கொண்டால் போதும், இதற்காக யாரும் முதலையைப் பற்றியெல்லாம் படிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தை பிறந்து பத்தாம் நாள் கிளம்பினார்கள். சென்னைக்குப் போகிற பேருந்தில் ஏற்றிவிட வந்த அன்பரசு, பிளாஸ்டிக் பைகள் ஒரு கட்டு வாங்கி மாமாவிடம் பயபக்தியோடு கொடுத்தான். ஞானசேகரன் அதை வாங்கி, அறுபத்தொன்றோடு அறுபத்திரண்டாக வைத்துக்கொண்டார்.

விமானத்தில் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ஹேவ்லாக் போகிற கப்பல் ஐந்து மணி நேரம் தாமதம். ஃபைலில் அதற்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தது. மாலை ஐந்து பத்துக்கு அவர்கள் இன்னும் போர்ட் பிளேர் கப்பல் துறையில், மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்கள். மலர்க்கொடி கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். ஞானசேகரன் எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று ஒன்றும் கேட்காமல் வாயில் போட்டுக்கொண்டார்.

கப்பல் கிளம்பிய பத்தாவது நிமிஷம் தூங்கிப்போனார். தலை தானாகவே மனைவியின் தோளில் சாய்ந்தது. கப்பல் விளக்கின் வெளிச்சத்தில், ஓரமாக மீன்கள் கூட்டமாகத் தண்ணீரிலிருந்து எழும்பி, பறந்து, மறுபடி விழுந்தன. பயணிகள் எல்லாம் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். மலர்க்கொடி எழுந்திருக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். மாமா எப்படி இருக்கிறார் என்று அன்பரசு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான். குறட்டை என்று ஒரே சொல்லில் பதில் போட்டார்.

இறங்கியதும் ஞானசேகரன் பார்த்த முதல் ஆளிடம், கடலில் அலை எப்படி இருந்தது என்று விசாரித்தார்.

அடுத்த நாள் காலை மழை பிடித்துக்கொண்டது. தை மாதத்தில் அங்கே மழை கிடையாது என்றுதான் அவர் எழுதி வைத்திருந்தார். கரண்டும் போய்விட்டது. அவர்கள் தங்கியிருந்த குடிலுக்கு முன்னால் ஒரு சின்ன வராந்தா, இரண்டு பிரம்பு நாற்காலி. எதிரே பாக்கு மரங்கள். அதற்கு அப்பால் மழையில் கடல் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. குடிலின் சொந்தக்கார வங்காளிப் பெண் இரண்டு கண்ணாடி டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"இப்ப என்னா பண்றது?" என்றார் ஞானசேகரன்.

"ஒண்ணும் பண்ண வேணாம். ஒக்காருங்க."

உட்கார்ந்தார். முதல் பத்து நிமிஷம் அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே வந்து ஒண்டியது. அதை எண்ணினார். ஏழு. பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. டீயைக் குடித்தார். மழை நிற்கிற மாதிரி தெரியவில்லை. கால் ஆடுவது எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது.

"மலரு, நீ எதுக்கு மருந்துப் படிப்பு படிச்ச? இவ்ளோ நாளு நான் கேட்டதே இல்ல."

மலர்க்கொடி அவரைத் திரும்பிப் பார்த்தார். கிண்டலாகக் கேட்கிறாரா என்று பார்த்திருக்க வேண்டும். இல்லை என்று தெரிந்ததும் காலை மடித்து நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டார். தான் முதலில் படிக்க நினைத்தது நாட்டியம் என்றார். ஞானசேகரன் டம்ளரைக் கீழே வைத்தார். பத்தாவது படிக்கும்போது சிதம்பரத்தில் நாட்டியம் சொல்லிக் கொடுக்கிற ஒரு வீட்டில் போய்ச் சேர்ந்ததும், நாலு மாதம் யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொண்டதும், பிறகு ஒரு நாள் அப்பாவிடம் மாட்டிக்கொண்டதும் வரிசையாக வந்தன. பன்னிரண்டு மணி வாக்கில் மழை விட்டது. மற்ற குடில்களிலிருந்து ஆட்கள் துண்டை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார்கள். ஞானசேகரன் அதைப் பார்த்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"அப்பா என்னா சொன்னாரு?" என்று கேட்டார்.